ஈரக் கழிவு

முப்பத்தெட்டு வருஷம் எழுதினேன்
தராசடியில், நின்றபடி.
எல்லாம் இலக்கம்.
கொழுந்துச் சாக்கு கொக்கியில் ஆடி ஓயுமுன்னே
முள் பதினெட்டைக் காட்டும்,
பதினாறு என்று போடுவேன்.
மழைநாளில் ஈரத்துக்கு ரெண்டு.
வெயில்நாளிலும்
கை பழகிப்போய், ரெண்டு.

இப்போது அறுபத்தாறு வயதில்
பூண்டுலோயா டவுனில் வாங்கிய சீஆர் கொப்பியில்
பாட்டெழுதுகிறேன்.
மெட்டு, மலையேறும் ஆறரை பஸ்ஸினுடையது:
மூன்றாம் வளைவில் கியர் மாறும்போது
ஒரு நீள இழுப்பு, பிறகு இரண்டு விக்கல்.
பல்லவி அதில் வசமாக உட்கார்ந்தது.
சரணம் உட்காரவில்லை.

சில நாள் ஒரு வரிதான் வரும்.
அரைப் பேர் என்று
ஓரத்தில் எனக்கே குறித்துக்கொள்வேன்.

போன வியாழன் பீலியடியில்
பேச்சாயி நின்றாள், குடம் நிறையும் மட்டும்.
அவள் சாக்கிலும் எடுத்தவன்தான் நான்.
கொப்பியைப் பிரித்துப் படித்தேன்.
கொழுந்தெடுக்கும் கைகளைப் பற்றிய பாட்டு.
கண்ணீர் என்று மூன்று இடத்தில் வரும்.

முழுக்கக் கேட்டாள். குடத்தைச் சரித்து
மேல்தண்ணீரைக் கொட்டினாள்.
"ரொம்ப ஈரமா இருக்கு கணக்கப்புள்ள ஐயா,
ரெண்டு கிலோ கழிச்சுப் போடுங்க."

சிரித்தாளா என்று பார்க்கவில்லை.
பார்க்க முடியவில்லை.

ராத்திரி கழித்தேன்.
மூன்று கண்ணீரும் போயின,
அதோடு ஒரு நிலாவும்.
மிச்சத்தில் தராசு இருந்தது,
பேச்சாயியின் சாக்கு இருந்தது.
பதினெட்டு என்றே எழுதினேன்.

சரணம் உட்கார்ந்ததா தெரியவில்லை.
விடியட்டும்,
பஸ் மூன்றாம் வளைவுக்கு வரட்டும்.