பதினோரு இலக்கம்

ஜுபைலில் ஷட்டவுன் வேலை முடிந்து நாற்பது நாள்.
ஐந்து மாதச் சம்பளம்
கம்பெனிக்காரன் நாக்கில் இருக்கிறது.
புக்ரா, புக்ரா என்று
தினம் ஒருமுறை வெளியே வந்து
உள்ளே போய்விடுகிறது.

தூதரகத்துக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று,
முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒன்று.
எழுதியது நான்தான்.
முப்பத்திரண்டு பேர் உள்ள கேம்ப்பில் எனக்கு மட்டும்
'மேற்படி' என்பதை எங்கே போடுவதென்று தெரியும்.
பதில் வரவில்லை, எண் வந்தது,
ஆளுக்கொரு எண்.
இருபத்தாறாம் நாள் குறுஞ்செய்தி:
தங்கள் குறை தீர்க்கப்பட்டது.

அன்றைக்குப் பருப்பு தீர்ந்திருந்தது.
சிலிண்டர் தீர்ந்திருந்தது.
ஜெனரேட்டரில் டீசல் தீரப்போகிறது என்றார்கள்.
சரி, குறையும் தீர்ந்ததாக்கும்.

பதினாலாம் அறையில்
ஜகுபர் அலியின் போன் தலையணைமேல் கிடந்து பேசும்.
போன தேர்தலில் ஜெயித்தவர் அவரில்லை,
அவர் சாயலில் இன்னொருவர் என்று.
நாம் அனுப்பும் பணத்தில் நூற்றுக்கு மூன்று
கடலடியில் ஒரு குழாய்க்குள் இறங்குகிறது என்று.
பேசுகிறவருக்குப் பெயரில்லை,
இருமல் இருக்கிறது.
அந்தோணிமிக்கேல் எழுந்து உட்கார்ந்து கேட்பார்.
நம்புறீங்களாண்ணே என்றேன்.
"நம்புறதென்ன, அவனாவது
பாதியில வைக்காமப் பேசுறாம்ல."

ஒரு வியாழன் இரவு, கரன்ட் இல்லை,
மொட்டைமாடியில் படுத்திருந்தோம்.
தூரத்தில் ரிஃபைனரி தன் தீயை
வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.
சும்மாதான் சொன்னேன், வெக்கைக்கு விசிறுவதுபோல:
பதினோரு இலக்கம் உள்ள மனுவைத்தான் பிரிப்பாங்களாம்,
பத்து இருந்தா நேரா குப்பைக்காம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு போனாக விழித்தது.
நீல முகங்களில் உதடுகள் எண்ணின.
பெத்துராஜுக்குப் பத்து.
எழுந்து தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனவன்
வெகுநேரம் வரவில்லை.
காலையில், விளையாட்டுக்குச் சொன்னதப்பா என்றேன்.
தலையாட்டினான்,
பேங்க் வாசல் செக்யூரிட்டிக்கு ஆட்டுகிற மாதிரி.

மூன்று வாரம் கழித்து
திருவாடானையிலிருந்து பூமயில் அனுப்பினாள்.
பின்னால் வயலின் அழுகிறது.
ஒரு தடித்த குரல்:
உயரதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்ட உண்மை.
என் பத்து. என் பதினொன்று.
நான் சொல்லாத ஒன்றும் வழியில் ஏறியிருந்தது:
ஏழில் முடிந்தால் ஊருக்கு ஏற்றிவிடுவார்களாம்.

அடியே, அது நான் சொன்னது என்றேன்.
இந்த வாயால், இந்த மாடியில்.

மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது.
அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"அப்பிடிச் சொல்லச் சொல்லி
யாரும் ஒங்கள மெரட்டுனாங்களா?"

வெள்ளிக்கிழமை ரியாத்திலிருந்து
தூதரக ஆள் வந்தார். சின்ன வயசு.
நாலு மணிநேரம் கார் ஓட்டியதில்
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
உங்கள் ஃபைல் மூடவே இல்லை,
அந்த மெசேஜ் தப்பாகப் போயிருக்கிறது,
கோர்ட்டில் போட்டிருக்கிறோம், நாளாகும் என்றார்.
தன் சொந்த நம்பரைத் தாளில் எழுதப் பார்த்தார்.
பேனா எழுதவில்லை, உதறினார்,
மறுபடி எழுதவில்லை.
ஜகுபர் அலி என்னைப் பார்த்து
ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான்.

பெத்துராஜ் கை உயர்த்தினான்.
ஐயா, பத்தா பதினொண்ணா?

அவருக்குப் புரியவில்லை.
எது, என்று கேட்பதற்கு முன்னால்
ஒரு நொடி திகைத்தார்.
அந்த நொடியை
முப்பத்திரண்டு பேரும் பார்த்தோம்.

இரவு எல்லாரும் தூங்கியபின்
போர்வைக்குள் போனைத் திறந்து
என் எண்ணை எண்ணினேன்.
பத்து.
நடுவில் இருந்த பூஜ்யத்தை
விட்டுவிட்டேனோ என்று
விரல் வைத்து
முதலிலிருந்து.