அலைக்குத்தான் காசு

காலை ஆறரை. வீராம்பட்டினம்.
கடல் இன்னும் முகம் கழுவி முடிக்கவில்லை.
என் கையில் இருப்பவை:
இரண்டு ஜோடிச் செருப்பு, ஒற்றைக் கொலுசு,
பாதி கடித்த பன்,
எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று
கையெழுத்துப் போட்டுக்கொடுத்த தாளின் நகல்.

வாணிக்கு இருபது இருக்கும்.
பலகையை மணலில் கிடத்திச் சொல்கிறாள்:
"படு. கையால தண்ணிய இழு.
நெஞ்சுகிட்ட கை. இப்ப எழு."
மணலில் தண்ணீர் இல்லை.
நறுமுகை இழுக்கிறாள்,
ரவையில் புரட்டிய மீன்போல
முழங்கை இரண்டும் வெளுக்க.

பரிதிக்கு ஐந்து வயது.
பலகை இரண்டு பரிதி நீளம்.
காலில் கயிற்றைக் கட்டியதும் கேட்டான்,
"நான் ஓடிப்போயிருவேன்னா கட்றீங்க?"
"நீ இல்லடா, பலகைதான் ஓடும்.
அத நீதான் புடிச்சு வெச்சிருக்க."
பலகையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான்.
அது எங்கும் ஓடிவிடாதபடி
மணலிலேயே அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டான்.
ஒரு மணி நேரம்.

எனக்கும் நீச்சல் தெரியும்.
மோகனூர்ச் சாலைக் கிணற்றில்
லாரி டியூபைக் கட்டிக்கொண்டு பழகியது.
கிணறு திருப்பி அடிக்காது.
குதித்த இடத்திலேயே இருக்கும்.
இது தானாக எழுந்து வந்து
என் மகளைத் தூக்கிக்கொண்டு போய்
வேறெங்கோ வைக்கிறது.

பலகை கவிழும். அதன் நீல வயிறு தெரியும்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்குள் ஒரு தலை
எண்ணெய் தேய்த்ததுபோல் மேலே வரும்.
மூக்கைச் சிந்தும். சிரிக்கும்.
பிறகுதான் எனக்கு மூச்சு.

முதல் தடவை விழுந்தபோது தமயந்தி ஓடினாள்,
சுடிதார் முழங்கால்வரை நனைய.
மூன்றாம் தடவை நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.
ஆறாம் தடவை
என்னிடமிருந்து பன்னை வாங்கிக் கடித்தாள்.

வாணி பலகையின் வாலைப் பிடித்தபடி
தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறாள்.
"இது வேணாம். இதுவும் வேணாம்."
சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி
ஒவ்வோர் அலையாகத் தள்ளிவிடுகிறாள்.
"ம்... இது."

அந்த நேரம் பார்த்து
கக்கத்திலிருந்து நழுவிய ஒரு செருப்பு
நுரையோடு கிளம்பிவிட்டது.
குனிந்தேன். பிடித்தேன்.
மணலை உதறி நிமிர்ந்தால்
கரையே கைதட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்பா, பாத்தீங்ளா?"
"பாத்தேன் சாமி."
"எந்தக் கால முன்னாடி வெச்சேன்?"

ஓர் அலை வந்து
திரும்பிப் போகும்வரை நான் பேசவில்லை.
"பாக்கல சாமி. செருப்பு..."
அவள் கோபித்துக்கொள்ளவில்லை.
தலையைச் சாய்த்துக் காதைத் தட்டினாள்.
"எனக்குந் தெரீலப்பா.
கண்ண மூடிட்டேன்."

தமயந்தியின் கைபேசியில்
இருபது விநாடி இருந்தது:
வானம், அவள் கட்டைவிரல்,
"ஐயோ ஐயோ" என்று அவளே.

"இடது காலு"
என்றது மணலில் கிடந்த குரல்.
"வாயத் தொறந்துட்டு நின்னா.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு.
நாலுல தொப்புனு."
தலையைக்கூடத் தூக்கவில்லை அவன்.
பலகை ஓடிவிடுமே.

இருவருக்கும் சேர்த்துப் பணம் அனுப்பப் போனேன்.
ஒருத்திக்கு மட்டும் போதும் என்றாள் வாணி.
"அலைக்குத்தான் காசு.
மணலுக்கு எப்டி வாங்கறது?"

காற்கயிற்றை அவிழ்த்த பிறகு
பலகையின் காது என்று
அவனாக முடிவுசெய்த ஓர் இடத்தில்
வாயை வைத்து என்னவோ சொன்னான் பரிதி.
இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
கேட்கத்தான் இல்லை.