இரு தரப்பாரும் சமுகமளிக்கவும்

கோட்டை வாசலால் இறங்கிவரும் மான்களுக்குக்
கரட் தோல் போட்டவள் நான்.
போஞ்சிப் பெட்டியில் வாய்வைத்த மானுக்கு
வாளித் தண்ணீர் எறிந்தவன் நீ.
மானில் படவில்லை.
இரவு வேலை முடிந்துவந்த என் வெள்ளைச் சீருடையில்
லீக்ஸ் கழுவின சேறு.

நகரசபைக்கு எழுதினேன், ஒன்றரைப் பக்கம்.
நீயும் எழுதினாய், நாலே வரி:
'சுகந்தமலர் என்னும் தாதி
மான்களை ஏவிவிடுகிறார்.'
என் பெயர் சுகிர்தமலர்.

சொல்லையும் தராசில் போட்டு
முள் நிமிருமுன் எடுத்துவிடுகிறவன் நீ.
நானோ நோயாளி தூங்கின பிறகும்
கதைத்துக்கொண்டிருப்பவள்.

மாரி தொடங்கின கிழமை
கொம்பில் தங்கூசி வலை சுற்றிய கலைமான் ஒன்று
உன் கடைக்குள் விழுந்து உதைத்தது.
தடியெடுப்பாய் என்று ஓடிவந்தேன்.
வெண்டிக்காய்களுக்கு மேல்
அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தாய்,
தூஷண வார்த்தைகளை
மெல்ல, மிக மெல்ல
அதன் காதுக்குள் சொல்லியபடி.
'பாத்துக்கொண்டு நிக்காம வெட்டும் பிள்ளை!'

வெட்டினேன்.
அது நன்றியில்லாமல் பாய்ந்து போனது,
உன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு.

தையல் டொக்டர் போட்டார்.
கட்டு மாற்றுவது என் வேலை.
ஒருநாள் விட்டு ஒருநாள் என்று துண்டில் இருந்தது.
நீ ஒவ்வொரு நாளும் வந்தாய்.
மூன்றாம் கிழமை
ஆறிவிட்ட காயத்துக்குக் கட்டுப் போட்டேன்.
ஆறிவிட்டதென்று இருவருக்கும் தெரியும்.

பிறகு டச்பே கடற்கரையில் இறால் வடை,
உறைப்பில் உனக்குக் கண்ணீர்,
எனக்குச் சிரிப்பு.
பிறகு, விளக்கணைத்த ஓர் இரவில்
என் முதுகில் அந்தத் தழும்பு
எந்த இடத்தில் நிற்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்.

நேற்று நகரசபைக் கடிதம், பதினாலு மாதம் கழித்து.
ஒரே வீட்டுக்கு இரண்டு உறை.
ஒன்றில் யோகரூபன்.
மற்றதில் இன்னும் சுகந்தமலர்.
'விசாரணைக்கு இரு தரப்பாரும்
தவறாது சமுகமளிக்கவும்.'

'ஒரு ஓட்டோவில போவமா, ரெண்டிலயா?'
கேட்டுவிட்டு, முகத்தை மறைக்க
வெங்காயம் உரிக்கப் போனாய்.

ரெண்டில்தான்.
முறைப்பாட்டை நான் மீளப்பெறவில்லை.
அந்த வாளியும் அங்கேயேதான் இருக்கிறது,
உன் கடை வாசலில்.
இப்போது அதற்குள் என்ன கிடக்கிறதென்று
விசாரணையில் சொல்கிறேன்.