சார்பு செய்யப்படவில்லை

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் பின்னால்
டீக்கடையில் வழக்கு தொடங்கியிருந்தது.
வக்கீல் வைரக்கண்ணு வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:
"இந்த வடைக்கு மாஸ்டர். மாஸ்டருக்கு அவன் அம்மா.
அம்மாவுக்கு அவள் அம்மா.
இப்படியே பின்னால் போனால்
ஓரிடத்தில் நின்றுதானே ஆகணும்?"

"ஏன் நிற்கணும்?" என்றார் குமுதினி மேடம்.
"நின்றாலும், நிற்கிறது உங்கள் சாமிதான் என்பதற்கு
என்ன எக்ஸிபிட்?
இருக்கிறார் என்பவர்தான் நிரூபிக்கணும் சார்."

"சாமி பேரில் மூணு காணி பட்டா இருக்கு.
நேற்றுகூட ஆஜரானேன்.
இல்லாத ஆளுக்கு எவன் கிஸ்தி ரசீது போடுவான்?"

"அந்த வழக்கில் அவர் மைனர்.
உலகத்தைப் படைத்தவருக்கு
நாம் கார்டியன் போட்டிருக்கிறோம்."

எனக்கு டீ புரையேறிவிட்டது.
நான் கட்சிக்காரன் இல்லை, கோர்ட் அமீனா.
பெயர் சம்மனசு.
தேவதூதன் என்று அர்த்தம் சொல்லி வைத்தார்கள்;
கொடுப்பது சம்மன்.

இருபத்தாறு வருஷத்தில்
இல்லாதவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.
உள்ளே டிவி ஓட ஓட இல்லாதவர்கள்.
பிள்ளையை அனுப்பி இல்லையென்று சொல்பவர்கள்.
செத்து ஏழு வருஷமாகியும்
பாகப்பிரிவினையில் இருந்துகொண்டே இருப்பவர்கள்.
வாங்க மறுத்தார் என்றால், இருக்கிறார்.
பூட்டியிருந்தால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம்.

போன ஐப்பசியில் தேவனாம்பட்டினத்துக்கு ஒன்று.
பிரதிவாதி தேசப்பன். கடன் நாற்பதாயிரம்.
கதவு எண் இருந்தது காகிதத்தில்.
மணலில் வாசற்படி இருந்தது,
மூன்று படி.
மேல்படிக்கு அந்தப்பக்கம் கடல்.

வலை உதறிக்கொண்டிருந்தவளைக் கேட்டேன்.
"இருக்காரு" என்றாள்.
"எங்கே?"
மோவாயைக் கடல் பக்கம் தூக்கினாள்.
தொழிலுக்குப் போயிருக்கிறார் என்றா
போய்விட்டார் என்றா,
அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒட்டக் கதவில்லை.
பசை டப்பாவோடு மேல்படியில்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
ரிப்போர்ட்டில் எழுத
எங்களுக்கென்று நாலைந்து வாக்கியம் உண்டு.
ஒன்றும் பொருந்தவில்லை.
அந்தத் தாள் இன்னமும் பையில்தான் கிடக்கிறது,
உப்புப் பூத்து.

"என்ன சம்மனசு, நீ சொல்லு,
இருக்காரா, இல்லையா?"

"விலாசம் குடுங்க சார், போய்ப் பார்க்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள்.
நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.
உள்ளே டவாலி
யாருடைய பெயரையோ
மூன்றாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.