பதினோராம் வாரம்

மூன்று திறன்புள்ளி. பதினைந்து வாரம்.
ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வினைச்சொல்.
அனுமதித்த பட்டியல் தாளின் ஓரத்தில் இருக்கிறது:
விளக்குவர், ஒப்பிடுவர், வடிவமைப்பர், மதிப்பிடுவர்.
'அறிவர்' கூடாதாம்.
அதை அளக்க முடியாதாம்.

கோணேசபுரி, மேல்மாடி.
கச்சான் காற்று மணலை வாரி
யன்னல் கண்ணாடியில் தேய்க்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் மூதவைக்குப் போகவேண்டும்.
முதல் வாரம் வலையமைப்பின் அடுக்குகள்.
"அடுக்கும் ஏழு, நாங்களும் ஏழு பேர்"
பிரணவரூபன் சிரித்தார்,
தனியாக.

ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு சுவிட்ச், இரண்டு செத்தது,
அதையும் எழுதுங்கோ என்றா தினுஷி.
துறைமுகம், மாவாலை, எண்ணெய்த் தாங்கி,
நிலாவெளி ஹோட்டல்களின் அறுந்து அறுந்து வரும் வைஃபை:
எங்கள் பிள்ளைகள் போகிற இடம் இவைதானே.

கொழும்பிலிருந்து திரையில் வந்தவர்
முகில் வேண்டும் என்றார், பாதுகாப்பு வேண்டும்,
பட்டத்தோடு சான்றிதழும் கையில் வேண்டும் என்று
சொல்லிக்கொண்டே உறைந்துபோனார்
வாய் பாதி திறந்தபடி.
வலையமைப்பு முகாமைத்துவப் பாடவிதானக் குழு
அவருடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்தபடி
காத்திருந்தது.

நான் நுஸ்கியை நினைத்தேன்.
கிண்ணியாப் பொடியன். என் பாடத்தில் ஏ.
ஆஸ்பத்திரிக் கணினி அறையில் முதல் வேலை.
மார்கழி இடி ஒன்று, இரவு இரண்டரைக்கு,
எல்லா விளக்கையும் செம்மஞ்சளாக்கியது.
இரத்தப் பரிசோதனை முடிவுகள்
வாட்டுக்கு வந்து சேரவில்லை.
மிஸ்ஸி மூன்று தரம் கோல் எடுத்தா.
மூன்று தரமும் "இப்ப வந்திடும்" என்றான்.
வராது என்று அவனுக்குத் தெரியும்.
ஏன் என்று தெரியாது.
"தெரியல்ல மிஸ், ஆளை அனுப்பித் தாளில எடுங்க"
என்று சொல்ல நாலு மணியாகிவிட்டது.
பிறகு ஓர் அட்டெண்டன்
துவாயைத் தலையில் போட்டு மழைக்குள் ஓடி
பத்து நிமிடத்தில் அத்தனையையும் கொண்டுவந்தான்,
ஓரம் மட்டும் நனைந்திருந்ததாம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
இதைச் சொல்லும்போது உப்புவெளிக் கடையில்
அவனுடைய பிளேன்டீ ஆடை கட்டியிருந்தது.
"மெடம், சப்நெட் எல்லாம் சரியாத்தான் சொல்லித் தந்தீங்க."
அந்தத் 'தான்'
இன்னும் எனக்குள் கிடக்கிறது, மீன்முள்போல.

பதினோராம் வாரத்துப் பெட்டி காலியாக இருந்தது.
எழுதினேன்:
*பழுது நேர்கையில், தமக்குத் தெரியாததை
ஐந்து நிமிடத்துக்குள் ஒத்துக்கொள்வர்.*

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றினா.
பட்டியலில் இல்லாத வினை.
எப்படி அளக்கிறது? எத்தனை புள்ளி?
எழுத்துப் பரீட்சையா, செய்முறையா?
தினுஷி மட்டும் என் பேனையைப் பார்த்தா.

அப்போது திரை அசைந்தது.
கொழும்புக்காரர் வாயை மூடித் திறந்து,
"கடைசியாச் சொன்ன மூன்றும் முக்கியம்,
எல்லாருக்கும் கேட்டதுதானே?" என்றார்.

கேட்டது என்று
தலையாட்டினோம்
ஏழு பேரும்.