அட்டை

இந்தக் கத்தரிக்கோலுக்கு எண்ணத் தெரியும்.
பத்து உள்ள அட்டையை நாலாய், மூன்றாய்,
சம்பளத்துக்கு முந்திய கிழமை என்றால் இரண்டாய்
வெட்டி வெட்டி ஒரு பக்கம் மழுங்கிவிட்டது.
பூண்டுலோயா பஸ் தரிப்புக்கு எதிரே
சலூனுக்குக் கீழே மருந்துக்கடை.
ஒன்பது வருஷமாக நிற்கிறேன்.

"மஞ்சளும் செவப்பும் குடு தங்கச்சி."
மருந்தின் பெயர் யாரும் கேட்பதில்லை.
நிறம் சொன்னால் போதும், புடவைக் கடையில் போல.
புள்ளைக்கு இருமல்.
பக்கத்துக் காம்பராவுக்குத் தடிமன்.
ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போறோம்,
மழையில் நனைந்தால் கைவசம் இருக்கட்டும்.
தோட்டத்து டிஸ்பென்சரியில் தருவது
வெள்ளைப் பெனடோல் மட்டும்தானாம்.
வெள்ளைக்கு என்ன சக்தி?

மேல் டிவிசன் பவளராணி
ஆவணியில், ஒரு வியாழக்கிழமை,
கிளினிக்கைத் தாண்டித்தான் என்னிடம் வந்தாள்.
இடுப்பில் பிள்ளை. பைக்குள் பிள்ளையின் அட்டை.
ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாய்.
"ஊசி போட்டா ரெண்டு நாள் காயும்.
ரெண்டு நாள் மலைக்குப் போகாட்டி
ரெண்டு பேர் போச்சு. நீயா குடுப்ப?"

பிறகு குரல் இறங்கியது.
"எங்கம்மாவ ஒரு லொறியில ஏத்திட்டுப் போனாங்க.
ரேகை வாங்குனாங்க. காசும் குடுத்தாங்க.
என்னத்துக்குன்னு சொல்லல்ல.
எனக்குப் பொறவு எங்க வீட்டுல தொட்டில் கட்டல்ல."

நான் என்ன சொல்ல.
அதே லொறியில்தான் என் அம்மாவும்.

கிளினிக் மிஸ் நல்லவள்.
அட்டையில் அவள் எழுதுவது சிங்களம்.
அவளிடம் இருக்கிற தமிழில்
'போடணும்' உண்டு, 'ஏன்' இல்லை.
என்னிடம் எல்லாத் தமிழும் உண்டு.
நானும் ஏன் என்று சொன்னதில்லை.

மூன்று வெட்டினேன்.
சில்லறை இல்லாமல் ஒரு டொபி கொடுத்தேன்.

ஐப்பசியில் கவ்வாத்துக் கத்தி வழுக்கி
என் வீட்டுக்காரர் விக்னராஜாவின் காலில்.
அட்டை கடித்த தழும்புக்குப் பக்கத்தில்
நகம் அளவு காயம்.
கடையிலிருந்துதான் கொண்டுபோனேன்.
முதலில் மஞ்சள் சிவப்பு. பிறகு நீலம்.
பிறகு முதலாளி உள் அலுமாரியில் வைத்திருக்கும்
விலை கூடியது.
வலி விட்ட அன்றைக்கே நிறுத்திவிட்டு
மிச்சத்தைப் பால்மா டின்னில் போட்டார்.
ஆபத்துக்கு உதவுமாம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில்
பதினாறாம் நாள் ஒரு தாள் வந்தது.
இடப்பக்கம் மருந்துகள்,
என் தட்டில் இருக்கிற அதே வரிசை.
வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இங்கிலீஷ் எழுத்து.
யாழ்ப்பாணத்து டொக்டர் விரலை ஓட்டி வாசித்தார்:
ஆர். ஆர். ஆர்.
அவர் ஊரில் கதவைத் தட்டினால்
அப்படித்தான் கேட்பார்களாம்.
தட்டிய மருந்து எல்லாவற்றையும்
உள்ளே இருந்த கிருமி கேட்டிருக்கிறது,
ஒன்றுக்கும் திறக்கவில்லை.

கால் தப்பியது. பெருவிரல் தப்பவில்லை.

தையில் பவளராணி திரும்பவும் வந்தாள்.
"அன்னைக்குக் குடுத்தது நல்லாக் கேட்டுச்சு. அதுலயே நாலு."
டொக்டர் துண்டு வேணும் என்றேன்.
என்னைப் பார்த்தாள்,
லொறியிலிருந்து இறங்கியவளைப் பார்ப்பதுபோல.
எதிர்க் கடையின் கத்தரிக்கோல்
இங்கே வரைக்கும் கேட்டது.

வியாழக்கிழமைக்கு அரைநாள் லீவு கேட்டேன்.
முதலாளி பேசவில்லை, கணக்குக் கொப்பியைத் திறந்தார்.
பிள்ளைக் காம்பரா வாசலில் எட்டுத் தாய்மார்.
பவளராணி இல்லை.
மிஸ்ஸிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்,
ஏன் என்று.
ஊசியைக் கீழே வைத்தாள்.
தன் கதிரையை என் பக்கம் தள்ளினாள்.
சொல்லத் தொடங்கினாள். பாதி விளங்கியது,
மீதியைத் தகரத்து மழை கொண்டுபோனது.
சப்பாத்துக்குள் என்னவோ ஊர்ந்தது.
குனியவில்லை.
"திரும்பச் சொல்லுங்க மிஸ்" என்றேன்.