வக்கடை

செவ்வாய் இரவு முறைத் தண்ணி உதுமாலெப்பைக்கு,
வெள்ளி இரவு எனக்கு.
எழுதாத பேச்சு. ஆறு போகம் நின்றது.

ஏழாவதில், நெல் குடலை தள்ளும் நேரம்,
சனி விடிய என் வயல் வடிந்து கிடந்தது.
வரம்புக்கு அப்பால் அவருடையது மினுங்கியது.
கண்டது அவ்வளவுதான்.
மிச்சத்தை நானே போட்டு நிரப்பினேன்:
இருட்டு, மண்வெட்டி, அவர் கை.

செவ்வாய் பின்னிரவில் அவர் வக்கடையை அடைத்தேன்.
வெள்ளி அவர் என்னுடையதை.
எங்கள் இருவர் கணக்கிலும்
தொடங்கியவன் மற்றவன்.
சம்மாந்துறைச் சந்தியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்
முகம் பாராமல் விலகின,
நாலு கிழமை.

பிறகொரு செவ்வாய் எனக்குக் காய்ச்சல்.
பனடோல் இரண்டு போட்டுப் படுத்தவன்
அடைக்க எழும்பவில்லை.

அந்தச் சனி என் வயலில்
கணுக்கால் அளவு தண்ணீர்.
காய்ச்சலை அவர்
மன்னிப்பென்று வாசித்திருக்கிறார்.
நான் திருத்தவில்லை.

அறுவடை முடிந்து வரம்பு கட்டும்போது
மண்வெட்டி பொசுக்கென்று உள்ளே போனது.
பாதி தூர்ந்த நண்டு வளை.
என் பக்கம் ஒரு வாய்,
அவர் பக்கம் ஒரு வாய்.

களிமண் வைத்து மிதித்தேன்.

அந்த வெள்ளி அவர் திறந்துதான் விட்டாரா,
இல்லை, அவருக்கும்
எழும்ப ஏலாமல் ஏதும் இருந்ததா?

கேட்கவில்லை.